நாயை வெளியே நிறுத்தினால் மனிதரும் வெளியேதான்: வாசலில் முடிவாகும் ஓர் உரிமை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வாடகை பஸ்கள் புறப்படும். கோயில் இளைஞர் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், செம்பனைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுத்தடுத்து வசிக்கும் குடும்பங்கள் எனப் பலரும் சேர்ந்து பணம் போட்டுப் போகும் பயணங்கள் அவை. தம்புன் நீர்ப்பூங்கா, தைப்பிங் மிருகக்காட்சி சாலை, பத்து காஜாவின் கெல்லி மாளிகை, கையிருப்பு சற்றுத் தாராளமாக இருந்தால் பத்துமலை. இந்தப் பஸ்களில் பார்வையற்றவர்களைக் காண்பது அபூர்வம். ஊரில் அவர்கள் இல்லாமல் இல்லை. நீரிழிவு நோய் விழித்திரையைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும் என்பது எங்கள் மக்கள் கண்ணெதிரே கண்ட உண்மை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது; இங்குள்ள இந்திய வம்சாவளியினரிடையே அந்த விகிதம் நாட்டின் சராசரியைவிடக் கணிசமாக அதிகம். பார்வை இழந்த அப்பாவோ சித்தியோ வீட்டில் விடப்படுகிறார். "கண் தெரியாதவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வியோடு பஸ் கிளம்பிவிடுகிறது.

வழிகாட்டி நாயுடன் ஒருவர் சுற்றுலாத் தலத்துக்குள் நுழையலாமா என்பதை இந்தக் கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்வையற்றவருக்கு அருவியின் ஓசை உண்டு, மிருகக்காட்சி சாலையில் யானையின் பிளிறல் உண்டு, பேரப்பிள்ளை நீரில் குதித்துக் கத்தும் மகிழ்ச்சி உண்டு. கெல்லி மாளிகையின் செங்கல் சுவரைக் கையால் தடவினால் எங்கள் முன்னோரின் உழைப்பு விரலில் படும். ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்தக் கட்டடத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் வியர்வை இருக்கிறது. அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் நிற்கிறது. இவற்றை அனுபவிக்க ஒருவருக்குத் தேவைப்படுவது, பிறர் தோளைப் பற்றாமல் நடக்கும் வழி. சிலர் அதை வெள்ளைக் கைத்தடியில் கண்டடைகிறார்கள். சிலர் பயிற்சி பெற்ற நாயிடம்.

அந்த நாய் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிவிட்டால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும். எங்கே போக வேண்டும் என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்; பாதை அவர் மனத்தில் இருக்கிறது. நாய் அந்தப் பாதையில் உள்ள தடைகளை விலக்கி அழைத்துச் செல்கிறது. படிக்கட்டின் முதல் படியில் நின்றுவிடும். தலையில் இடிக்கக்கூடிய கிளையைச் சுற்றிக்கொண்டு போகும். "முன்னே போ" என்று சொன்னாலும் எதிரே வண்டி வந்தால் அடியெடுத்து வைக்காது. கட்டளையை எப்போது மீற வேண்டும் என்பதுதான் அதற்குக் கற்றுக்கொடுக்கப்படும் பாடங்களிலேயே கடினமானது. குட்டிப் பருவத்தில் தன்னார்வலர் வீட்டில் சந்தை, பஸ், கூட்டம் எல்லாவற்றுக்கும் பழகி, பிறகு பயிற்சிக்கூடத்தில் பல மாதங்கள் கழித்து, இறுதியில் உரியவருடன் சேர்ந்து நடக்கப் பயில்கிறது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1929இல் அமெரிக்காவும் 1931இல் பிரிட்டனும் அந்த முறையை எடுத்துக்கொண்டன. இன்று காது கேளாதவருக்கு ஒலியை உணர்த்தும் நாய், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கதவைத் திறக்கும் நாய், வலிப்பு வந்தவருக்குத் துணை நிற்கும் நாய், இரத்தச் சர்க்கரை தாழ்வதை மோப்பத்தால் அறிந்து எச்சரிக்கும் நாய் எனப் பணிகள் விரிந்துள்ளன.

ஆகவே வாசலில் நிற்கும் பாதுகாவலர், "நீங்கள் போகலாம், நாய் வெளியே இருக்கட்டும்" என்று சொல்லும்போது, அவர் எண்ணத்தில் அது ஒரு சலுகை. கேட்பவருக்கோ அவருடைய நடையே பறிபோகிறது.

மலேசியாவில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு 2014ஆம் ஆண்டின் அனுபவம் ஒன்று பொதுவெளியில் பதிவாகியுள்ளது. கண் நீரழுத்த நோயால் (குளுக்கோமா) பார்வை இழந்து, பார்வை இழப்புத் தடுப்புக்காக ஓர் இயக்கத்தை நிறுவியிருந்த ஸ்டீவன்ஸ் சான், லாஷான் என்ற வழிகாட்டி நாயுடன் கோலாலம்பூர் வட்டாரத்தில் நடமாடத் தொடங்கினார். பேரங்காடிகளிலும் பொதுப் போக்குவரத்திலும் அவருக்கு மறுப்பு வந்தது. செய்தித்தாள்கள் எழுதின, மக்கள் பேசினார்கள், பரிவு பெருகியது. ஆனால் சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத பரிவு அடுத்த வாசலுக்கு எட்டுவதில்லை.

நம் சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அதன் 26ஆம் பிரிவில் பொதுமக்களுக்குத் திறந்துள்ள வசதிகள், சேவைகள், கட்டடங்கள் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்கிறது. 32ஆம் பிரிவு பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்கும் உரிமையைத் தனியாகவே சொல்கிறது. இந்த 32ஆம் பிரிவை எங்கள் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. பார்வையற்றவர் பூங்காவுக்குப் போவது ஆடம்பரம் என்ற எண்ணத்தைச் சட்டமே மறுத்திருக்கிறது. 2010இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 20ஆம் உறுப்பு தனிநபர் நடமாட்டத்தைப் பற்றியது, 30ஆம் உறுப்பு பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்பதைப் பற்றியது.

இவ்வளவும் காகிதத்தில் அழகாக இருக்கின்றன. குறை எங்கே? 26ஆம் பிரிவே "மாற்றுத்திறனாளியின் பாதுகாப்புக்கு ஆபத்தான சூழல்" என்ற விதிவிலக்கை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. உரிமையை மறுத்த நிறுவனத்துக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. நல்லெண்ணத்தில் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசின்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி 41ஆம் பிரிவு தடுக்கிறது. மத்திய அரசியலமைப்பின் 8ஆம் விதி மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடற்குறைபாடு இடம்பெறவில்லை. பாலினம்கூட 2001இல்தான் சேர்க்கப்பட்டது, ஆகவே பட்டியலை நீட்ட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமை மனிதருக்கு என்று சொன்ன அந்த 26ஆம் பிரிவு, அவருடன் வரும் நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்புவது "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை. பலகையை மாட்டியவர் மனத்தில் வழிகாட்டி நாய் இருந்திருக்காது. ஆனால் அதைக் காக்கும் பொறுப்பு, குறைந்த சம்பளத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு பாதுகாவலர் தலையில் விழுகிறது. அவரும் பெரும்பாலும் எங்களைப் போன்ற உழைப்பாளிதான். விதி எழுதித் தராமல் அவரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

விதியை எழுதிய நாடுகள் எப்படி எழுதின என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், 2011 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், பணி நாய் என்பது மாற்றுத்திறனாளிக்காக ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்ட நாய் என வரையறுக்கின்றன. எதற்கு அந்த நாய் என்பது வெளிப்படையாகத் தெரியாதபோது, வாசலில் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: இந்த நாய் உடற்குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பயிற்றுவிக்கப்பட்டது? நோயின் விவரத்தைத் துருவக் கூடாது. சான்றிதழ் கேட்கக் கூடாது. பிறருக்கு ஒவ்வாமை, பிறருக்கு அச்சம் என்பவை மறுக்கப் போதுமான காரணங்கள் ஆகா. அதே சமயம் நாய் கட்டுக்குள் இருக்க வேண்டும்; அடங்காமல் ஆர்ப்பரித்தாலோ அசுத்தம் செய்தாலோ அதை வெளியேற்றலாம். அப்போதும் நாயின்றி உள்ளே இருக்கும் வாய்ப்பை அந்த மனிதருக்குக் கொடுத்தாக வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஜப்பான் 2002இல் தனிச்சட்டமே இயற்றியது. அங்கே நாய்க்கு முறையான அங்கீகாரம் வேண்டும். நாய்மேல் அடையாள அட்டை இருக்க வேண்டும். உடையவர் சான்றையும் சுகாதாரப் பதிவையும் வைத்திருக்க வேண்டும். ஆனால் மறுத்தவருக்குத் தண்டனை வைக்கவில்லை, ஆகவே உணவகங்களில் மறுப்பு இன்னும் தொடர்கிறது. தென் கொரியா அபராதம் வைத்தது, பயிற்சியில் இருக்கும் குட்டியையும் அதை வளர்க்கும் தன்னார்வலரையும்கூடப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 2020இல் சியோலின் பேரங்காடி ஒன்றில் பயிற்சிக் குட்டி ஒன்று மறுக்கப்பட்டபோது நாடே கொதித்தது. ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம், நாயின் பயிற்சிக்கும் பொது இடத்துக்கு ஏற்ற சுத்தத்துக்கும் நடத்தைக்கும் சான்று கேட்க இடம் தருகிறது. பக்கத்திலேயே சிங்கப்பூரில் வழிகாட்டி நாய்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறுகின்றன.

மலேசியாவுக்கு அமெரிக்க முறையைவிட ஜப்பானியச் சான்று முறையும் கொரிய அபராதமும் சேர்ந்த ஒன்றே பொருந்தும் என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் சான்று கேட்கக் கூடாது என்பதால், இணையத்தில் வாங்கிய சட்டையை மாட்டிவிட்டு, வீட்டில் வளர்க்கும் சாதாரண நாயைப் பணி நாய் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பெருகினார்கள். பல மாநிலங்கள் அதற்கெனத் தண்டனைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஏமாற்றுகிறவர்களால் இழப்பு உண்மையான பார்வையற்றவருக்குத்தான், ஏனெனில் அடுத்த முறை அவர்மீதுதான் சந்தேகம் விழுகிறது. நம் நாட்டில் இத்தகைய நாய்கள் மிகச் சிலவே. சமூக நல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஓகேயு அட்டை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதோடு பயிற்சி நிறுவனத்தின் அடையாள அட்டையும் தடுப்பூசிப் பதிவும் சேர்ந்தால், வாசலில் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

சுற்றுலாத் தலம் என்பது ஒரே அறை கொண்ட கட்டடம் இல்லை என்பதால் வாசலைத் தாண்டிய பிறகும் கேள்விகள் உண்டு, அவை நியாயமான கேள்விகளும்கூட. மிருகக்காட்சி சாலையில் நாயைக் கண்டால் புலி கூண்டோரம் வந்து உலாவும். மான் மிரண்டு வேலியில் மோதிக் கால் முறிக்கும். அமெரிக்க நீதித்துறையின் விளக்கம் இதற்கு ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது: நாய்க்கு இயல்பில் இரையான, அல்லது நாயை இரையாகக் கொள்ளும் விலங்குகள் இருக்கும் பகுதியில், நாயின் வருகை அவற்றைக் கலவரப்படுத்தும் என்றால், அந்தப் பகுதியில் மட்டும் தடுக்கலாம். மிருகக்காட்சி சாலை முழுவதிலும் தடுக்க முடியாது. தைப்பிங் போன்ற பரந்த மிருகக்காட்சி சாலையில் எந்தப் பாதையில் போகலாம், எந்தக் கூண்டருகே நாய் கூடாது, அந்தக் கூண்டைக் காண விரும்பினால் நாய் எங்கே காத்திருக்கும், மனிதரை யார் அழைத்துச் செல்வார் என்று ஒரு வரைபடம் முன்கூட்டியே தயாரிக்க ஒரு பிற்பகல் போதும்.

நீர்ப்பூங்காவில் நாய் குளத்துக்குள் இறங்கக் கூடாது என்பதில் எங்கும் கருத்து வேறுபாடு இல்லை. குளத்தின் ஓரம்வரை வரலாம், உடையவர் நீரில் இருக்கும்போது குடும்பத்தார் ஒருவருடன் நிழலில் படுத்திருக்கலாம். ராட்டினத்திலும் அதே முறைதான். நாயைப் பார்த்துக்கொள்ளும் கடமை ஊழியர்களுக்கு அமெரிக்க விதிகளிலும் இல்லை, எனவே துணைக்கு ஓர் ஆள் வருவது நல்லது. நம் ஊரின் தனிச் சிக்கல் வெயில். நண்பகலில் சிமெண்டுத் தரை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். லாப்ரடோர் இனத்துக்கு இந்தப் புழுக்கம் எளிதில் தாங்காது. காலை நேரப் பயணமும் குடிநீரும் நிழலும் இங்கே விதியைப் போலவே முக்கியம். பத்துமலையிலோ குரங்குகள். 272 படிகளிலும் உணவுப் பையைப் பறிக்கும் குரங்குக் கூட்டத்துக்கு நடுவே ஒரு நாயைக் கொண்டுபோவதை நானே யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது நாய்க்கும் ஆபத்து, அதைப் பிடித்துப் படியேறுபவருக்கும் ஆபத்து. இடத்துக்கு இடம் இப்படி யோசித்து முடிவெடுப்பது வேறு, வாசலிலேயே கையை நீட்டித் தடுப்பது வேறு.

மதத்தைப் பற்றிப் பேசாமல் மலேசியாவில் இந்த விவாதம் முழுமை பெறாது. ஷாஃபி மரபைப் பின்பற்றும் நம் இஸ்லாமிய அண்டை வீட்டார், நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்று கடைப்பிடிக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது மரியாதையாகாது. ஆனால் இதே மரபில் உலர்ந்த தொடுகையால் அசுத்தம் ஒட்டுவதில்லை என்றும் விளக்கம் உண்டு. அதைவிட முக்கியமாக, பணியில் இருக்கும் நாயை யாருமே தொடக் கூடாது என்பது வழிகாட்டி நாய் உலகின் முதல் விதி. தடவுவது, கூப்பிடுவது, தின்பண்டம் நீட்டுவது எல்லாம் நாயின் கவனத்தைக் குலைத்து மனிதரை விபத்தில் தள்ளும். டிக்கெட் கிழிக்கும் ஊழியர் நாயைத் தொட வேண்டிய தேவையே இல்லை. இரு தரப்பின் விதிகளும் "தொடாதே" என்பதில் ஒன்றுபடுகின்றன. இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தாமல் இத்தனை காலம் விட்டிருக்கிறோம். பிரிட்டனின் லெஸ்டர் நகரில் 2008இல் ஒரு பள்ளிவாசல், பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவரின் வழிகாட்டி நாய் காத்திருக்க வளாகத்திலேயே தனி இடம் ஒதுக்கியது. நாய் தொழுகைக் கூடத்துக்குள் செல்லவில்லை, இளைஞர் வீட்டிலேயே தங்கவும் இல்லை.

நம் கோயில்களும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. பைரவருக்கு நாயை வாகனமாக வைத்து வணங்கும் நாம், எல்லைச் சாமிக்குப் பக்கத்தில் நாய்ச் சிலையை நிறுத்தும் நாம், உயிருள்ள நாயைக் கோபுர வாசலுக்கு உள்ளே அனுமதிப்பதில்லை. கருவறைத் தூய்மையை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் மண்டபத்துக்கு வெளியே நிழலான ஓர் இடமும், பார்வையற்ற பக்தரை உள்ளே அழைத்துச் செல்ல ஒரு தொண்டரும் எந்த ஆகமத்துக்கும் முரணாகாது. மற்றவரிடம் எதிர்பார்க்கும் விட்டுக்கொடுத்தலை முதலில் நம் வாசலில் செய்து காட்டலாம்.

தோட்டப்புறத்தில் நாயைப் பற்றிய அச்சத்துக்கு வேறொரு வேரும் உண்டு. லயத்து நாய் காவலுக்கு, காட்டுப்பன்றி விரட்டுவதற்கு. பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடப்படும் நாயைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, அமைதியாகக் காலடியில் படுத்திருக்கும் நாய் நம்ப முடியாத காட்சி. 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது தெருநாய்கள் மீதான அச்சம் இன்னும் கூடியது. இந்த அச்சம் பொய்யல்ல. தடுப்பூசி போட்டு, உரிமம் பெற்று, கைப்பிடிப் பட்டையுடன் வரும் நாய் வேறு வகை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம். 1951இல் நிறுவப்பட்ட, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர்களோடு பேச வைத்தால், ஒரு தலைமுறையின் தயக்கம் அங்கேயே தளரும்.

சட்டம் 685ஐத் திருத்தி, பயிற்சி பெற்ற உதவி நாயைப் பெயர் சொல்லிச் சேர்த்து, மறுப்பவருக்கு அபராதம் வைக்க வேண்டும் என்பதே இறுதியான தீர்வு. நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடியதும் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் துணைவிதி இயற்றவும் உரிமத்துக்கு நிபந்தனை விதிக்கவும் உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. சுங்கை சிப்புட் கோல கங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. தம்புன் ஈப்போ மாநகர் மன்றத்தின் கீழ். கெல்லி மாளிகை பத்து காஜா மாவட்ட மன்ற எல்லையில். தைப்பிங் மிருகக்காட்சி சாலையைத் தைப்பிங் நகராண்மைக் கழகமே நடத்துகிறது. ஒரே பஸ் பயணத்தில் மூன்று நான்கு மன்றங்களின் விதிகளைக் கடக்கிறோம். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது "பயிற்சி பெற்ற உதவி நாயுடன் வரும் மாற்றுத்திறனாளியை அனுமதிக்க வேண்டும், தடை இருந்தால் எந்தப் பகுதி, என்ன காரணம் என்று எழுதிக் காட்ட வேண்டும்" என்ற ஒரு வரியைச் சேர்க்க இந்த மன்றங்களுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பேரா மாநிலத்தில் ஒரு மன்றம் தொடங்கினால் அடுத்த மன்றத்திடம் கேட்பது எளிதாகிவிடும்.

பயணத்தை ஏற்பாடு செய்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பஸ்ஸுக்கு முன்பணம் கட்டும் அதே வாரத்தில் பூங்கா நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி வாசலில் நிற்கும் வேறு பணிநேரத்து ஊழியருக்குத் தெரியாது. ஓகேயு அட்டை, நாயின் பயிற்சி அடையாளம், தடுப்பூசிப் பதிவு மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். மறுத்தால், மறுத்தவரின் பொறுப்பையும் அவர் சொன்ன காரணத்தையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொண்டு, சமூக நல இலாகாவுக்கும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் புகார் அனுப்புங்கள். சுஹாகாம் தண்டிக்க முடியாது, ஆனால் விசாரிக்க முடியும், பதிவு செய்ய முடியும். சட்டத் திருத்தம் கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போகிறவர்கள் கையில் கொண்டுபோக அந்தப் பதிவுகள் வேண்டும். இதுவரை தோட்டப்புறத்திலிருந்து அப்படிப்பட்ட புகார் எழாமல் போவதற்கு, கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாததும் ஒரு காரணம்.